டவுன் குப்பை உரம் தென்னைக்கு ஆகுமா?

கேள்வி: பொள்ளாச்சியை அடுத்த கோபாலபுரம் பக்கம் 3 ஏக்கர் தென்னை. சாணி எரு கிடைப்பதே குதிரைக் கொம்பாகிவிட்டது. டவுன் குப்பையைச் சலித்த உரம் என்று ஒரு புரோக்கர் மலிவாக லோடு இறக்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கண்ணா. தரம் பிரித்து மக்க வைத்ததா, பழைய குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்ததா? முன்னது எரு. பின்னது பெரும்பாலும் மண்ணும் கட்டிட இடிபாடும்தான், கூடவே வரும் கண்ணாடிச் சில்லு தேங்காய் பொறுக்குகிறவர் காலைப் பதம் பார்க்கும்.

நகரக் குப்பையில் ஏறக்குறையப் பாதி காய்த்தோல், மிச்சச் சோறு, பூ, இலை என்று மக்குகிற சரக்கு. தனியாக எடுத்து மக்க வைத்தால் அருமையான எரு. கெடுப்பது மீதிப் பாதி. பேட்டரி, பெயின்ட் டப்பா எல்லாம் ஒரே வண்டியில் போய் மழையில் ஊறிக் கிடந்தால் ஈயமும் காட்மியமும் எருவில் இறங்கிவிடும், அப்புறம் எத்தனை தடவை சலித்தாலும் போகாது. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் தாண்டக் கூடாது. உப்பைக் காட்டும் இ.சி. (மின் கடத்தும் திறன்) 4 dS/m-க்குள் இருக்க வேண்டும். ஆய்வக ரிப்போர்ட் கேட்டு அவர் முழித்தால் லோடு வேண்டாம். உங்களுடையது கேரள எல்லைச் செக்போஸ்ட் பக்கத்துத் தோட்டம் வேறு, ராத்திரியில் வருகிற லாரியை உள்ளேயே விடாதீர்கள். 2024 டிசம்பரில் நெல்லைப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு கேரளத்திலிருந்தே லாரி வந்து அள்ளிப் போனதே, ஞாபகம் இருக்கும்.

ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் மக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கைப்பிடியை ஈரமாக்கிப் பிளாஸ்டிக் கவரில் மூன்று நாள் கட்டி வைத்து, பிரித்ததும் நாறினால் இன்னும் மக்கவில்லை.

சத்துக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) 0.8, சாம்பல்சத்து (பொட்டாஷ் உரம் தருவது) 0.4 சதவீதம் உள்ள கம்போஸ்டை மரத்துக்கு 50 கிலோ போட்டால் தழை 400 கிராம், அதுவும் முதல் வருசமே முழுசாகக் கிடைக்காது. சாம்பல் வெறும் 200 கிராம். காய்க்கிற மரத்துக்கு வருசத்துக்கு 1,200 கிராம் சாம்பல்சத்து வேண்டும், அதைத் தர 2 கிலோ பொட்டாஷ் உரம் போட வேண்டும். ஆகவே இது சாணி எருவுக்குத்தான் மாற்று, பொட்டாஷை நிறுத்திவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், பொள்ளாச்சி மார்க்கெட்டில் கழிக்கிற காய்கறியை நேரடியாகப் பேசி எடுத்து, உங்கள் தோட்டத்து மட்டையையே தூளாக்கி, கொஞ்சம் சாணிக் கரைசலும் தெளித்துக் குவித்துவிடுவேன். ஈரம் காயாமல் வாரம் ஒரு முறை புரட்டிக் கொடுங்கள். மட்டை மக்கத்தான் கொஞ்சம் நாள் பிடிக்கும்.