வாசகர் கேள்வி – பதில்: தொலைபேசி ஒலிக்கிறது, லாச்சி நிறையவில்லை

கேள்வி: திருகோணமலை நகரில் ஏசி திருத்தும் சிறிய கடையொன்றை நானும் என் மைத்துனரும் நடத்துகிறோம். கூகுள் தேடலில் வரும் எங்கள் விளம்பரத்தின் அழைப்புப் பொத்தானை யாராவது அழுத்தினால் அதற்குப் பணம் கட்டுகிறோம். சென்ற மாதம் 147 அழைப்புகளுக்கு 58,800 ரூபாய் போனது. கிடைத்த வேலைகளோ 21தான். 38 அழைப்புகளை எங்களால் எடுக்கவே முடியவில்லை. அவற்றில் பெரும்பாலானவை இரவு ஏழு மணிக்குப் பின் வந்தவை. ஒரு வேலையில் கூலி, காஸ், பெற்றோல் எல்லாம் போக ஏறக்குறைய 2,500 ரூபாய் மிஞ்சும். ஓர் அழைப்புக்கு இவ்வளவு தருவோம் என்று கூகுளின் ஏலத்தில் நாங்கள் கேட்கும் விலையைப் பாதியாகக் குறைத்தால் நட்டம் தீருமா?
– உப்புவெளி வாசகர்

பதில்: அன்பின் வாசகருக்கு, உங்கள் கடிதத்தில் கணக்குத் தெளிவாக இருப்பதால், நட்டம் எங்கே உண்டாகிறது என்பதையும் அதிலிருந்தே காட்டிவிடலாம். ஓர் அழைப்புக்கு 400 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஏழு அழைப்புகளில் ஒன்றுதான் வேலையாகிறது என்பதால், ஒரு வேலையைப் பிடிக்க 2,800 ரூபாய் செலவாகிறது. அந்த வேலையில் மிஞ்சுவது 2,500. ஆகவே மாதமுடிவில் 6,300 ரூபாய் கைநட்டம்.

இனி, எடுக்கப்படாத அந்த 38 அழைப்புகளைப் பாருங்கள். பொத்தானை ஒருவர் அழுத்தியவுடனேயே உங்கள் கணக்கில் பற்று எழுதப்பட்டுவிடுகிறது. நீங்கள் பதில் சொன்னீர்களா இல்லையா என்பது கூகுளுக்குப் பொருட்டல்ல. அந்த வகையில் மட்டும் 15,200 ரூபாய் போயிருக்கிறது. அந்தப் பணம் போகாமல் இருந்திருந்தால், அதே 21 வேலைகளோடு, விலையில் ஒரு ரூபாயும் குறைக்காமல், 8,900 ரூபாய் இலாபத்தில் மாதத்தை முடித்திருப்பீர்கள். நேர அட்டவணை ஒன்றை நீங்களாக வகுக்காவிட்டால் விளம்பரம் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் என்பதால், இன்றைக்கே காலை எட்டு முதல் மாலை ஆறரை வரை என்று அதற்கு எல்லை வையுங்கள். பகலிலும் நீங்கள் இருவரும் ஏணியில் நிற்கும் நேரத்தில் தொலைபேசியை எடுக்க ஒருவர் வேண்டும். கந்தளாய்ப் பக்கத்திலிருந்தும் அழைப்பு வரும் ஊர் இது என்பதால், அவர் சிங்களமும் பேசுபவராக இருப்பது நல்லது.

விலையைப் பாதியாக்குவதை நான் கடைசி வேலையாகவே வைப்பேன். விலை குறையும்போது விளம்பரம் கீழே இறங்குகிறது; மே மாத வெயிலில் அறை கொதிக்க, உடனே ஆள் வேண்டும் என்று தேடுபவர் மேலே தெரியும் முதல் எண்ணையே அழுத்துவார். நீங்கள் இழக்கப்போவது அந்த நல்ல வாடிக்கையாளரை.

அதைவிட, யார் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியை வைத்து, இரண்டு வாரங்களுக்கு ஒவ்வோர் அழைப்புக்கும் நேரம், ஊர், கேட்ட விடயம், வேலையானதா என்ற நான்கையும் எழுதுங்கள். “செக்கன்ஹாண்ட் ஏசி இருக்கிறதா”, “ஏசி கோர்ஸ் எங்கே படிக்கலாம்”, “கம்பனியின் வாரண்டி நம்பர் இதுதானா” என்பவை அந்தக் கொப்பியில் திரும்பத் திரும்ப வரும் என்று நினைக்கிறேன். மக்கள் எதைத் தேடியபோது உங்கள் விளம்பரம் வந்தது என்று காட்டும் தேடல் சொற்களின் அறிக்கையைக் கூகுள் கணக்கில் திறந்து கொப்பியோடு ஒப்பிட்டு, வேலை தராத சொற்களையெல்லாம், விளம்பரம் வரக்கூடாத சொற்களுக்கான விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். விளம்பரம் வரவேண்டும் என்று நீங்கள் தெரிவு செய்த தேடல் சொற்களைக் குறியெதுவும் இடாமல் கொடுத்திருந்தால், கூகுள் அவற்றைத் தளர்வாகப் பொருள்கொண்டு தொடர்பு குறைந்த தேடல்களுக்கும் உங்களைக் காட்டும். மேற்கோள் குறிக்குள் இட்டால் அந்தத் தளர்வு வெகுவாகக் குறையும். “வந்து பார்க்கும் கட்டணம் இவ்வளவு” என்று விளம்பர வரியிலேயே எழுதிவிட்டால், சும்மா விலை விசாரிக்க மட்டும் அழைப்பவர்களில் பலர் பொத்தானைத் தொடமாட்டார்கள்.

விளம்பரம் காட்டப்படும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரின் நில அமைப்பு இந்த விடயத்தில் ஏமாற்றும். நகரை நடுவாக வைத்து வட்டம் போட்டால் அது நேர்கோட்டில்தான் அளக்கும். கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூரும் அந்த வட்டத்துக்குள் விழும். பறவைபோலப் பறந்து போனால் கிட்டத்தான். ஆனால் கருவிகளோடு போகிற நீங்கள் கிண்ணியா சுற்றிப் போக வேண்டும். ஒரு காஸ் அடிக்கும் வேலைக்காக அரைநாள் கரைந்துவிடும். வட்டத்தை விட்டு, நகரம், உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா என ஊர்ப் பெயர்களாகத் தெரிவு செய்யுங்கள். அத்துடன், அந்த இடத்தில் “இருப்பவர்கள்” மட்டும் என்ற தெரிவை இடுங்கள்; கூகுள் தானாக வைக்கும் அமைப்பில், அந்த இடத்தில் அக்கறை காட்டும் வெளியூர்க்காரர்களும் சேர்ந்துவிடுகிறார்கள்.

ஏல விலையை உங்களுக்காகக் கூகுளே தானாகக் கேட்கும் முறையைப் பயன்படுத்துகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பயன்படுத்தினால், பொத்தான் அழுத்தப்பட்டதையே வெற்றியாக அது எண்ணுகிறதா என்று பாருங்கள். அப்படியானால், வேலை கொடுப்பவர்களை விட்டுப் பொத்தான் அழுத்துபவர்களையே அது தேடிக் கொண்டுவரும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சென்ற வருடம் நீங்களே ஏசி பூட்டிக்கொடுத்த வீட்டுக்காரர், உங்கள் எண் தொலைந்துபோனதால் கடைப் பெயரைக் கூகுளில் தேடி, விளம்பரத்தையே அழுத்துகிறார். ஏற்கெனவே உங்களுடையவராக இருப்பவருக்கு 400 ரூபாய் கொடுக்கிறீர்கள். வேலை முடிந்ததும் அறைக்குள் இருக்கும் பெட்டியின் பக்கவாட்டில் கடையின் எண்ணும் அடுத்த சேர்விஸ் திகதியும் எழுதிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுங்கள். கடற்கரையோர வீடுகளில் உப்புக் காற்று வெளிப்பெட்டியின் கொயிலை அரிப்பதால், அந்தத் திகதியைச் சற்று முன்னதாகவே குறிப்பது அவர்களுக்கும் நன்மை.

கேள்வி: நிலாவெளியில் நான்கு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி வைத்திருக்கிறேன். அழைப்புக்குப் பணம் கட்டும் கூகுள் விளம்பரத்தை மாரி காலத்தில் முற்றாக நிறுத்திவிடலாமா?
– நிலாவெளி வாசகி

பதில்: முற்றாக வேண்டாம், அம்மா. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து, புறாத்தீவுக்குப் படகு போகாத நாட்களில் அறை வாடகை இறங்குகிறது; அழைப்பவர்களில் அறை எடுப்பவர்களும் குறைகிறார்கள். இரண்டும் சேர்ந்து குறையும் அளவுக்கு, ஓர் அழைப்புக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய விலையும் இறங்க வேண்டும். கடற்கரை, டைவிங் போன்ற சொற்களை அந்த மாதங்களில் நிறுத்திவிட்டு, திருக்கோணேஸ்வரத்துக்கு வருபவர்கள் தேடும் சொற்களை மட்டும் விட்டுவையுங்கள். சிவராத்திரிக்கு வெளியூரிலிருந்து குடும்பமாக வருபவர்கள், அறை இருக்கிறதா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று பேசித் தெரிந்துகொள்ளவே விரும்புவார்கள்; அந்த வாரத்துக்கு மட்டும் அழைப்புக்குக் கொடுக்கும் விலையைக் கூட்டி, தொலைபேசியை நீங்களே எடுங்கள்.