கேள்வி–பதில்: பனிக்கு எந்த ரயர்?

கேள்வி: என்னிடம் இருப்பது கொரோலா. ஓல் சீசன் ரயர் தேய்ந்துவிட்டது, பனி தொடங்க முன் மாற்றவேண்டும். கொண்டோவில் இருப்பதால் இன்னொரு செட் ரயர் வைக்க இடமில்லை. வேலை மார்க்கம் நகரில், நத்தாருக்கு மொன்றியலில் அக்கா வீட்டுக்குப் போவோம். பனிக்கும் தாங்குகிற நல்ல ஓல் சீசன் ரயர் ஒன்று சொல்லுங்கள்.
– வாசகர், ஸ்காபரோ

பதில்: ஓல் சீசன் வேண்டாம், ஓல் வெதர் வாங்குங்கள். கடைக்காரரே சிலவேளை இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவார், அதனால் ரயரின் பக்கவாட்டை நீங்களே குனிந்து பாருங்கள். மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருந்தால், அது பனியில் ஓட்டிப் பார்த்துத் தேறிய ரயர். எம்+எஸ் (M+S, சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் ஏமாறவேண்டாம், அதைச் சோதனை எதுவும் இல்லாமலே கம்பனி போட்டுக்கொள்ளலாம்.

சாதாரண ஓல் சீசனின் ரப்பர் சுமார் 7 பாகைக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கிவிடும், பிறகு பனியே விழாத காய்ந்த ரோட்டிலும் பிடிமானம் குறையும், ரொறன்ரோவில் நவம்பர் காலைகள் பெரும்பாலும் அப்படித்தானே. ஓல் வெதரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும், கோடையிலும் கழற்றத் தேவையில்லை, ஆகவே உங்கள் இடப்பிரச்சினையும் தீரும். மிஷெலின் குறொஸ்கிளைமேற் 2 இந்த வகைதான், நோக்கியன் கம்பனியிலும் இருக்கிறது.

மொன்றியல் பயணம்தான் கொஞ்சம் யோசிக்கவைக்கிறது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம், ஆனால் அது அங்கே பதிந்த வாகனங்களுக்கு, ஒன்ராறியோ பிளேட்டோடு போகிற உங்களுக்கு இல்லை. சட்டத்தை விடுங்கள், கிங்ஸ்டன் தாண்டி 401 நெடுஞ்சாலையில் உறைமழை பெய்து ரோட்டு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வீர்கள்? அந்த மலைச் சின்னத்துக்கான சோதனை இறுகிய பனியில் ரயர் எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது, ஐஸில் பிறேக் பிடிப்பதை அல்ல. ஐஸில் அசல் வின்ரர் ரயர்தான் மேல். வருடத்தில் ஒரு பயணம் என்றால் வானிலை பார்த்து ஒரு நாள் பிந்திப் போகலாம், மாதாமாதம் போவதென்றால் வின்ரர் செட்டே வாங்குங்கள், காசு வாங்கிக்கொண்டு ரயரை வைத்துத் தருகிற கடைகள் நிறைய உண்டு.

கேள்வி: முன்சில்லுகள்தானே காரை இழுக்கின்றன, வின்ரர் ரயர் இரண்டு மட்டும் போட்டால் காசு மிச்சமில்லையா?

பதில்: ஐயோ, வேண்டாம். முன்பக்கம் ரோட்டைப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வளைவில் பிறேக் போட்டால் வால் சுழன்று கார் திரும்பிவிடும். நாலும் ஒரே வகையாக இருக்கவேண்டும்.

கேள்வி: எங்களுடையது நாலு சில்லும் இழுக்கிற ஓல் வீல் ட்றைவ். அதற்கும் வின்ரர் ரயர் தேவையா?

பதில்: தேவை. ஓல் வீல் ட்றைவ் பனியில் கிளம்ப உதவும், நிறுத்த உதவாது; பிறேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லிலும்தானே இருக்கிறது. இன்னொன்று, ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் போட்டால் 2016 முதல் காப்புறுதிக் கம்பனி கழிவு தரவேண்டும். போட்ட கையோடு பில்லை வைத்துக்கொண்டு அவர்களுக்கு ஒரு கோல் எடுங்கள், கேட்காமல் தானாகக் குறைக்கமாட்டார்கள்.