எந்தக் கோப்பு எதை நம்பி நிற்கிறது?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மருந்துக்கடைகளுக்கான பில் மென்பொருளை டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதுகிறோம். 30 கோப்புகள் சேர்ந்துவிட்டன. சி ஷார்ப் நிரல்மொழியில் ஊறிய எங்கள் மூத்தவர் எல்லாவற்றையும் நேம்ஸ்பேஸுக்குள், அதாவது பொதுப்பெயர் ஒன்றின் கீழ், வைத்திருக்கிறார். ஒவ்வொரு கோப்பும் தனி அலகாக நின்று, வேண்டியதை மற்ற கோப்பிலிருந்து இம்போர்ட் செய்துகொள்ளும் மாட்யூல்தான் சரி என்று எனக்குப் படுகிறது. மாட்யூலுக்குள்ளேயே நேம்ஸ்பேஸையும் வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர் சமரசம் பேசுகிறார். எதைச் செய்வது?
— வாசகி, ஈரோடு

பதில்: மாட்யூலுக்கு மாறுங்கள் அம்மா. அந்தச் சமரசம் மட்டும் வேண்டாம். மாட்யூல் ஆன கோப்பின் பெயர்கள் ஏற்கெனவே வெளியே கசியாது. உள்ளே இன்னொரு வேலி போட்டால், அழைக்கும் இடமெல்லாம் 'வரி.வரி.கணக்கிடு' என்று எழுத வேண்டியிருக்கும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நான் பராமரித்த மென்பொருளும் நேம்ஸ்பேஸில்தான் இருந்தது. புதிய வரிக் கோப்பு ஒன்றைச் சேர்த்தேன். ஆனால் எச்டிஎம்எல் பக்கத்தில் அதை ஏற்றும் ஸ்கிரிப்ட் குறிச்சொல்லைப் பில் கோப்பின் குறிச்சொல்லுக்குக் கீழே போட்டுவிட்டேன். பில் கோப்பு ஏறும்போதே வரி விகிதப் பட்டியலைக் கேட்கும். பட்டியலோ இன்னும் வந்து சேரவில்லை. நிரலைச் சரிபார்த்து ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும் கம்பைலர் ஒரு சொல் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தின் வரிசை அதற்குத் தெரியாது. கடையில் மதியம்வரை கையால் பில் எழுதினார்கள். அந்தக் கடைக்காரரின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. பில் கோப்பின் தலையில் வரிக் கோப்பைக் கேட்கும் இம்போர்ட் கட்டளை ஒன்று இருந்திருந்தால், வரிக் கோப்பு தானாகவே முதலில் ஏறியிருக்கும். நான் மாட்யூல் பக்கம் நிற்பது இதற்காகத்தான்: தனக்கு எது வேண்டும் என்பதை ஒவ்வொரு கோப்பும் தானே சொல்லிவிடுகிறது.

உங்கள் மூத்தவரின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. சி ஷார்ப்பை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் டைப்ஸ்கிரிப்ட்டையும் உருவாக்கியவர். ஆனால் சி ஷார்ப்பில் நேம்ஸ்பேஸ் என்பது பெயர்களை வகுக்கும் ஏற்பாடு மட்டுமே. டைப்ஸ்கிரிப்ட்டில் அது, நிரல் ஓடும்போது உருவாகும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பொருள். எனவே எது முதலில் ஏறுகிறது என்பது இங்கே முக்கியமாகிவிடுகிறது. 2015-இல் 1.5 பதிப்பு வரும்வரை இதன் பெயரே 'உள் மாட்யூல்' என்றுதான் இருந்தது.

அவரிடம் இன்னொன்றையும் காட்டுங்கள். டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரே நெடுங்காலம் நேம்ஸ்பேஸில் எழுதப்பட்டிருந்தது. 2023 மார்ச்சில் வந்த 5.0 பதிப்பில் அதை மாட்யூலுக்கு மாற்றினார்கள். அதனோடு பொதியமைப்பையும் திருத்தி, பழைய நிரல்களையும் நீக்கியதில் 63.8 எம்.பி. பொதியில் சுமார் 26.4 எம்.பி. குறைந்தது, வேகமும் கூடியது.

எல்லாக் கோப்புகளுக்கும் தெரியும் உலகளாவிய மாறியாக ஏறும் பழைய நூலகங்களுக்கு வகை அறிவிப்பு (அவற்றில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) எழுதும்போது மட்டும் நேம்ஸ்பேஸை நான் இன்றும் தயங்காமல் பயன்படுத்துகிறேன்.

மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. யாரையும் சாராத சிறு கோப்பில் தொடங்கத்தான் கை போகும். போகவிடாதீர்கள். மேல்மட்டத்தில் ஓர் இம்போர்ட்டோ எக்ஸ்போர்ட்டோ வந்தவுடன் அந்தக் கோப்பு மாட்யூல் ஆகிவிடும். அதிலுள்ள நேம்ஸ்பேஸ் மற்ற கோப்புகளில் உள்ள அதே பெயருடன் இணையாது. மாட்யூலிலிருந்து பழைய நேம்ஸ்பேஸை எட்டிப் பிடிக்கலாம், ஆனால் பழைய கோப்பு மாட்யூலை இம்போர்ட் செய்தால் அதுவும் மாட்யூல் ஆகிவிடும். ஆகவே வேறெந்தக் கோப்பும் தன்னை நம்பி நிற்காத முதன்மைக் கோப்பில் தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்குங்கள். ஒரே நேம்ஸ்பேஸ் நான்கு கோப்புகளில் பரவியிருந்தால், நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.