“நீளமா இருக்கிறதுலதான் நிறைய” என்கிறாள் மகள்: மூளை வளர்ச்சியில் குறையா?

கேள்வி: மகளுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். நூறு வரை கடகடவென்று சொல்வாள். ஆறு நாணயங்களை ஒரு வரிசையாகவும், அவற்றுக்கு நேர் எதிரே இன்னும் ஆறையும் வைத்தால் “ரெண்டும் ஒண்ணுதான்” என்கிறாள். அவள் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை இடைவெளி விட்டு நீட்டினால், “இதுலதான் நிறைய” என்கிறாள். ட்யூஷன் மிஸ் ‘ஸ்லோ லேர்னர்’ என்கிறார். ஸ்கேன் எடுக்கலாமா? ஞாபகசக்தி சிரப் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஸ்கேனும் வேண்டாம், சிரப்பும் வேண்டாம். இந்த ஒரு பதிலை வைத்து மட்டும் யாரையும் ‘ஸ்லோ’ என்று சொல்ல முடியாது.

நீங்கள் வீட்டில் செய்து பார்த்தது சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே செய்த புகழ்பெற்ற சோதனைதான். இரண்டு வயது முதல் ஏழு வயது வரை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஒரே அம்சத்தைக் குழந்தை பிடித்துக்கொள்ளும் என்றார் அவர். இங்கே அந்த அம்சம் வரிசையின் நீளம். நாணயங்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருப்பதையும் சேர்த்து யோசிக்க அந்த வயதில் வராது. எண்ணிக்கை மாறவில்லை என்பது பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில்தான் பிடிபடும். எடை, கன அளவு போன்றவற்றுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

கேட்கும் விதத்திலும் கோளாறு இருக்கலாம். “எதுல நிறைய?” என்று கேட்டு, பதில் வாங்கி, நாணயத்தை நகர்த்திவிட்டு, மறுபடியும் அதையே கேட்டால் குழந்தை என்ன நினைக்கும்? ‘அம்மா என்னமோ மாத்திட்டாங்க, பதிலையும் மாத்தணும் போல’ என்றுதான். 1974-இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் ஒரு பொம்மைக் கரடி குறும்பாக வந்து வரிசையைக் கலைத்துவிட்டது போல் நடித்துக் காட்டி இதைச் சோதித்தார்கள். பெரியவர் வேண்டுமென்றே நகர்த்தியபோது தவறாகச் சொல்லும் வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேல் கரடி கலைத்தபோது சரியாகச் சொன்னார்கள். நீங்களும் ஒரு பொம்மையை வைத்துச் செய்து பாருங்கள்.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. ஒரு கிண்ணத்தில் பதினைந்து புளியங்கொட்டை போட்டு, “அஞ்சு எடுத்துக் குடு” என்று கேளுங்கள். ஐந்தில் நிறுத்திக் கொடுத்தால் ‘கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம்’ என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது. கை நிறைய அள்ளிக் கொடுத்தால் நூறு வரை சொல்வது வெறும் பாட்டு. மூன்று, ஏழு, ஒன்பது என்று எண்ணை மாற்றி வெவ்வேறு நாளில் கேளுங்கள். ஒரே நாள் பதிலை வைத்து முடிவு கட்டாதீர்கள். (வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டையை எண்ணி எடுத்து வையுங்கள். மூச்சுக்குழாயில் மாட்டும் பொருள் அது.)

இனிப் பயிற்சி. ஒன்று முதல் நூறு வரை நோட்டில் இருபது தடவை எழுத வைப்பதில் கை வலிதான் மிச்சம். அதற்குப் பதில் சார்ட் அட்டையில் சம அளவுள்ள பத்துக் கட்டங்களை இடமிருந்து வலமாக ஒரே வரியில் போட்டு, 1 முதல் 10 வரை எழுதுங்கள். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒரு கட்டம், பூ விழுந்தால் இரண்டு கட்டம் நகர வேண்டும். பலரும் தவறுவது நகர்த்தும்போதுதான். காய் 4-இல் இருந்து, பூ விழுந்தால் “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணக் கூடாது. “அஞ்சு, ஆறு” என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லியே நகர்த்த வேண்டும். எண் பெரிதாகப் பெரிதாகத் தூரமும் கூடுகிறது என்பது அப்போதுதான் மனதில் பதியும். அமெரிக்காவில் ரமணி, சீக்லர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இதே மாதிரி ஆட்டத்தை இரண்டு வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல ஆடியதிலேயே குழந்தைகளின் எண்ணறிவு கூடியது. எண்ணில்லாமல் நிறம் மட்டும் இருந்த அட்டையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பரமபதம் இப்போதைக்கு வேண்டாம்; வரிக்கு வரி திசை மாறுவதும் பாம்பு இறக்கிவிடுவதும் இந்த நேர்க்கோட்டுக் கணக்கைக் குழப்பும்.

அவள் திணறினால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஐந்து நொடி காத்திருங்கள். பிறகு “எந்தக் கட்டத்துல இருக்கே?” என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் வராவிட்டால் முதல் எண்ணை நீங்கள் சொல்லி, அடுத்ததை அவளிடம் விடுங்கள். கைவந்த பிறகு உதவியைக் குறையுங்கள். குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இதைத்தான். மிஸ்ஸிடமும் இதைக் காட்டுங்கள். பெயர் சூட்டுவதைவிட அவருக்கும் உபயோகமாக இருக்கும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? இரண்டு மூன்று மாதம் இப்படி விளையாடியும் ஐந்து கொட்டை எடுத்துக் கொடுக்க வராவிட்டால். “செருப்பைக் கழட்டிட்டு, பையைக் கொண்டு வா” போன்ற இரட்டைக் கட்டளை புரியாவிட்டால். அவள் பேச்சு வெளியாட்களுக்கு விளங்காவிட்டால். தெரிந்ததை மறந்து பின்னுக்குப் போனால். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அங்கே முதலில் கண், காது பரிசோதனை, ஹீமோகுளோபின் மூன்றையும் கேளுங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அது கவனத்தைக் கெடுக்கும். இரும்புச்சத்து மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர்தான் எழுத வேண்டும். பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரமாவது தூங்குகிறாளா என்றும் பாருங்கள். கணிதக் கற்றல் குறைபாடு என்ற முடிவுக்குப் பொதுவாக ஏழெட்டு வயதுக்கு முன் வர மாட்டார்கள். வளர்ச்சி மதிப்பீடு தேவைப்பட்டால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கட்டணமின்றிச் செய்வார்கள். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.