ஊரில் முன்பு இருந்த ரயில் நிலையத்தின் மிச்சங்களை எப்படித் தேடுவது?

கேள்வி: "எங்கள் ஊரில் ஒரு காலத்தில் ரயில் நின்று போனதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஸ்டேஷன் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? ஏதாவது மிச்சம் இருக்குமா?"

இருக்கும். ஆனால் நீங்கள் தேடுவது ஸ்டேஷன் கட்டடம் என்றால் ஏமாந்து போவீர்கள். ரயில் சேவை நின்றுபோனதும் முதலில் காணாமல் போவது கட்டடம்தான். ஓடு, உத்திரம், கதவு, இரும்புத் தூண் எல்லாவற்றுக்கும் ஊரில் யாருக்காவது உபயோகம் இருக்கும். நிலத்தை அப்படித் தூக்கிப் போக முடியாது. அதனால் நான் எப்போதும் நிலத்தில்தான் தொடங்குவேன். அடுத்து தண்ணீர். கட்டடம் கடைசியில்தான்.

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை பக்கம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் மீட்டர் கேஜில், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, ஒரு பாதை போட்டார்கள். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று போய்க் கடற்கரையில் முடியும், 30 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிற குட்டிப் பாதை. பேருந்தோடு போட்டி போட முடியாமல் 1986இல் நிறுத்திவிட்டார்கள். பழைய பாதைகளைத் தேடுகிற பைத்தியம் எனக்கு இங்கேதான் பிடித்தது. அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் டெல்டாவிலிருந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் இறங்குவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்க ராணுவம் 1950களை ஒட்டி இந்தியாவுக்கு அச்சிட்ட 1:2,50,000 அளவு வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அப்போது ஓடிக்கொண்டிருந்த பாதைகளெல்லாம் அதில் இருக்கும். தேடும்போது இன்றைய பெயரைப் போட்டால் வராது. மயிலாடுதுறை அதில் மாயவரம் அல்லது மாயூரம், தரங்கம்பாடி டிராங்க்விபார், சீர்காழி ஷியாளி. வரைபடத்தில் பாதை எந்த ஊருக்கு எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டு, அதே இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் திறந்து பாருங்கள். ரயில் சட்டென்று திரும்பாது. சாலை வயலுக்கு வயல் ஒடிந்து ஒடிந்து போகும், ரயில் பாதை மட்டும் நீளமாக, மெதுவாக வளைந்து, வரப்புகளையெல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். தண்டவாளம் போய் நாற்பது வருடம் ஆனாலும் அந்த வளைவு மறையாது.

அடுத்தது, பலர் யோசிக்காத ஒரு சாட்சி: வருவாய்த் துறை ஆவணம். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் சர்வே எண் போட்டால் 'அ' பதிவேட்டு விவரமும் (நிலம் என்ன வகை, யாருடையது என்ற பதிவு) புல வரைபடமும் கிடைக்கின்றன. ரயில்வே நிலம் என்றால் அதில் அப்படிப் பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதைவிட முக்கியம் அந்தப் புலத்தின் வடிவம். ஒல்லியாக நீண்டுபோகிற ஒரு சர்வே எண், ஓரிடத்தில் மட்டும் வயிறு பெருத்து, சில நூறு மீட்டர் தள்ளி மறுபடி ஒல்லியாகும். அந்தப் பெருத்த இடம்தான் உங்கள் ஸ்டேஷன். எதிர் ரயிலுக்கு வழிவிட ஒரு லூப் லைன், சரக்கு ஏற்ற ஒரு சைடிங், ஊழியர் வீடுகள் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும் அல்லவா. அறிவிப்புப் பலகை கிடைக்காத ஊர்களில் இந்த வயிறுதான் எனக்குக் கை கொடுத்திருக்கிறது.

அப்புறம் ஸ்தல புராணப் புத்தகங்கள். சிரிக்காதீர்கள். அந்தக் காலத்துக் கோயில் வழிகாட்டிகளில் ஒவ்வொரு தலத்துக்கும் "இருப்புப்பாதை நிலையத்திலிருந்து வடகிழக்கே ஒன்றரை மைல்" என்பது போல வழி போட்டிருப்பார்கள். கோயில் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து திசையையும் தூரத்தையும் பின்னோக்கி அளந்தால் ஸ்டேஷன் வந்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகைகளும் உதவும், எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று சிலர் அச்சிட்டிருப்பார்கள். திருக்கடையூர் மாதிரி அறுபதாம் கல்யாணம் நடக்கிற ஊர் என்றால் தமிழ்நாடு முழுக்க யாராவது ஒரு வீட்டு ஆல்பத்தில் அந்த ஸ்டேஷன் படம் ஒளிந்திருக்கலாம்.

சரி, இப்போது களத்துக்குப் போவோம். டெல்டாவில் போவதானால் மாசி, பங்குனியில் போங்கள். சம்பா அறுத்து வயல் காய்ந்து கிடக்கும், மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். காவிரிப் படுகையில் எங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. இந்த மண்ணில் கல்லே கிடையாது, களியும் வண்டலும்தான். வயல் நடுவே ஒரு மேட்டைக் காலால் கிளறிக் கருங்கல் ஜல்லி வந்தால், அது எங்கிருந்தோ ஏற்றி வரப்பட்டது என்று அர்த்தம். பக்கத்தில் தார்ச்சாலை இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம், தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய ஜல்லிதான் அது.

மேடு எல்லா இடத்திலும் பிழைத்திருக்காது. வீட்டு மனைக்கும் சாலைக்கும் அந்த மண்ணை அள்ளியிருப்பார்கள். ஆனால் வாய்க்கால் குறுக்கிடுகிற இடங்களைத் தவறாமல் பாருங்கள். தண்ணீர் போக வேண்டும் என்பதால் அங்கே செங்கல்லில் கட்டிய சிறு பாலத்தை யாரும் சீக்கிரம் இடிக்க மாட்டார்கள். மேலே தண்டவாளம் இருந்த இடத்தில் இன்று வைக்கோல் வண்டி போகும், சில இடத்தில் பனைமரத் துண்டு போட்டு நடைபாதையாக்கியிருப்பார்கள். பாலத்தின் மேல் அகலத்தை அளந்து பாருங்கள். மீட்டர் கேஜ் என்பது பெயருக்கேற்றபடி ஒரு மீட்டர்தான், இன்றைய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். பழைய பாலத்தின் ஒடுக்கத்தைப் பார்த்தாலே வித்தியாசம் கண்ணில் படும்.

சாலையும் பாதையும் சந்தித்த இடத்தில் கேட் இருந்திருக்கும், அதன் பக்கத்தில் கேட் கீப்பருக்கு ஒற்றை அறை வீடு. இந்தக் குட்டி வீடுகள் ஸ்டேஷனைவிட நன்றாகப் பிழைத்திருக்கின்றன. மாட்டுக் கொட்டகையாகவோ, கட்சிக்காரர்கள் உட்காருகிற இடமாகவோ மாறியிருக்கும். ஊருக்குள் ரயிலடி, ஸ்டேஷன் ரோடு, கேட்டடி என்று ஒரு பேருந்து நிறுத்தமோ தெருவோ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் வளாகத்துக்கு வந்துவிட்டால் நீராவி எஞ்சினை மனதில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு என்னென்ன தேவைப்பட்டது? தண்ணீர். ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் குடிக்கும். அதனால் பாதை முடிகிற ஊரிலும், இடையில் சில ஊர்களிலும் பெரிய வட்டக் கிணறு, அதையொட்டிப் பம்பு அறை, உயரத்தில் தொட்டி என்று வைத்திருப்பார்கள். கடலோரம் என்றால் உப்புத் தண்ணீர் பாய்லரைக் கெடுத்துவிடும் என்பதால், நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தைத் தேடிக் கிணறு வெட்டியிருப்பார்கள், அது ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் தள்ளிக்கூட இருக்கலாம். ஊர்க்கிணற்றைவிட அநியாயத்துக்குப் பெரிய கிணறு ஒன்று ஆளில்லாத இடத்தில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து சாம்பல். எரிந்த நிலக்கரியைக் கொட்ட, தண்டவாளத்துக்கு நடுவே செங்கல் வைத்து நீளக் குழி கட்டுவார்கள். குழி மூடிப்போயிருக்கலாம், ஆனால் அந்த இடத்து மண் கறுப்பாக, ஓட்டை ஓட்டையான எரிகட்டிகளோடு இருக்கும். பாதை முடிகிற ஊரில் எஞ்சினைத் திருப்ப ஏற்பாடு இருந்தால் வட்டமாக ஒரு பள்ளம் கிடைக்கலாம். குழந்தைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள், பெரியவர்கள் குப்பை கொட்டுவார்கள். அது எஞ்சின் திரும்பிய மேடையின் பள்ளம் என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கூட்ஸ் ஷெட் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, அந்த வட்டாரத்துப் பழைய அரிசி ஆலைகளும் நெல் மண்டிகளும் எந்தப் பக்கம் குவிந்திருக்கின்றன என்று பார்ப்பது. அவை ரயிலை நம்பி வந்தவை. இன்று அந்தத் தெருவில் ஏன் இவ்வளவு பெரிய கிட்டங்கிகள் என்று யாருக்கும் விளங்காது. நடைமேடையைப் பொறுத்தவரை உயரத்தை எதிர்பார்க்காதீர்கள். சிறு ஸ்டேஷன்களில் தரையோடு தரையாக ஓரக்கல் மட்டும் வைத்திருப்பார்கள். மரங்களையும் பாருங்கள். தூங்குமூஞ்சி மரமோ வேம்போ வரிசையாக, சம இடைவெளியில் நின்றால் அது தானாக முளைத்ததல்ல.

இரும்பு எங்கே போனது? பெரும்பகுதி ஏலத்தில் போயிருக்கும். மிச்சம் உள்ளது வேலிக் கம்பமாக, கொட்டகைத் தூணாக, சந்தனக்கூடு பந்தல்காலாகக்கூட நிற்கும். நான் முதலில் போய்ப் பார்ப்பது ஊர்ப் பள்ளிக்கூடத்தை. பல பள்ளிகளில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. அதன் பக்கவாட்டில் தயாரித்த ஆலையின் பெயரும் வருடமும் புடைத்த எழுத்தில் இருக்கும், சுண்ணாம்பைச் சுரண்டினால் படிக்கலாம். அந்த வருடத்தை வைத்துப் பாதையின் வயதைச் சொல்லிவிடக் கூடாது. கிளைப் பாதைகளுக்குப் பெரிய பாதையில் ஓடித் தேய்ந்த பழைய தண்டவாளத்தைத்தான் பெரும்பாலும் போடுவார்கள். எல்லைக்கல் அதைவிட நம்பகமானது. அதில் எஸ்.ஐ.ஆர். என்று செதுக்கியிருந்தால் தென்னிந்திய ரயில்வே காலத்தது, அதாவது 1951இல் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முன்பு நட்டது.

பெரியவர்களிடம் கேட்கும்போது "ஸ்டேஷன் எங்கே இருந்தது?" என்று கேட்டால் கையை ஒரு திசையில் வீசிவிட்டு அந்தப் பக்கம் என்று சொல்வார்கள். அதற்குப் பதிலாக "எஞ்சின் எங்கே தண்ணி பிடிக்கும்?", "டிக்கெட் வாங்கிட்டு எந்தப் பக்கமா ஏறுவீங்க?", "ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே எழுந்து கூடவே நடந்து வந்து காட்டுவார்கள். தயிர், கீரை விற்க ரயிலேறிப் போன பாட்டிமார்களுக்கு ரயில்வே ஊழியர்களைவிட நேரங்கள் துல்லியமாக நினைவிருக்கும்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ரயில் நின்றுபோன பாதைகளைவிட, ரயில் திரும்பி வந்த பாதைகளில்தான் பழைய மிச்சங்கள் சுத்தமாக அழிந்திருக்கின்றன. பேரளம்–காரைக்கால் பாதை 1898இல் வந்தது, 1980களின் கடைசியில் மூடினார்கள், இப்போது அதே வழியில் அகலப்பாதை போட்டுவிட்டார்கள். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் போகிற போடி பாதை இன்னும் பாவம்: 1928இல் போட்டு, இரண்டாம் உலகப் போரில் பிடுங்கி, 1950களில் மறுபடி போட்டு, 2010 முடிவில் கேஜ் மாற்ற மூடி, 2023இல்தான் போடி வரை ரயில் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் முந்தைய தடயத்தின் மேலேயே கட்டினார்கள். ரயில் வந்தது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இடிப்பதற்கு முன் யாராவது நாலு படம் எடுத்து வைத்திருக்கலாம்.

உங்கள் ஊர் எது என்று நீங்கள் சொல்லவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் என்றால் கொஞ்சம் கஷ்டம். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி (1905), மொரப்பூர்–தருமபுரி (1906, பிறகு ஓசூர் வரை 1913) இரண்டுமே பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோகப் போட்ட இரண்டரை அடிக் குறுகிய பாதைகள். 1940களின் தொடக்கத்துக்குள் இரண்டுமே போய்விட்டன. அதில் ஏறியவர்களைத் தேடிப் பிடிப்பது இனி அரிது, அதனால் நிலப் பதிவேட்டையும் அதற்கு முந்தைய காலத்து வரைபடத்தையும்தான் நம்ப வேண்டும். அந்தப் பக்கம் பூமியே பாறை என்பதால் என் ஜல்லி வித்தையும் செல்லாது. பாறையை வெட்டி வழி செய்த பள்ளங்களைத் தேடுங்கள், அவற்றை யாரும் தூர்க்க மாட்டார்கள்.

தேனிக்காரர் என்றால் அதிர்ஷ்டசாலி. மூணாறு பக்கத்தில் 1902இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள ரயில் இருந்தது, 1908இல் அது குட்டி ரயிலானது, 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலைப் பெட்டிகள் மலை உச்சியிலிருந்து தேனிப் பக்க அடிவாரத்தில் உள்ள கோட்டகுடிக்குக் கம்பிவழியில் (ரோப்வே) இறங்கின. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிற டாப் ஸ்டேஷன் அந்த வழியின் மேல்முனைதான்.

ராமேசுவரம் பக்கம் என்றால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு ரயில் போகாத ஊர், இடிபாடுகள் கண்முன்னே நிற்கின்றன, தேட வேண்டிய வேலையே இல்லை. அங்கே போகிறவர்கள் பாம்பனைக் கவனிப்பதில்லை. ராமேசுவரத்துக்கு ஒன்று, தனுஷ்கோடிக்கு ஒன்று என்று பாதை பிரிந்த சந்திப்பு பாம்பன். பிரிந்துபோன அந்த இரண்டாவது பாதையைச் செயற்கைக்கோள் படத்தில் பின்தொடர்ந்து பார்ப்பது நல்ல பயிற்சி.

கடைசியாக, கவனம். பழைய கிணறுகளின் கைப்பிடிச் சுவரை நம்பிச் சாயாதீர்கள். புதர் மண்டிய கட்டடத்துக்குள் தடி இல்லாமல் நுழையாதீர்கள். ரயில் ஓடாவிட்டாலும் நிலம் ரயில்வேயுடையதாக இருக்கலாம், யாருடையது என்று விசாரித்துவிட்டு இறங்குங்கள். ஞாபகத்துக்கு ஒரு ஆணி, ஒரு போல்ட் என்று எடுத்து வந்துவிடாதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாகக் கையில் வைத்திருப்பவர்களைத் தண்டிக்கவென்றே 1966ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. படம் எடுங்கள், அளவு எடுங்கள், ஊர்ப் பெயரைப் பின்னூட்டத்தில் போடுங்கள். வரைபடத்தில் நானும் தேடிப் பார்க்கிறேன்.