இரு நாடுகள் ஒரே ஆற்று நீரை எப்படிப் பங்கிடுகின்றன?

நதிநீர்ப் பேச்சுவார்த்தை என்பது, எல்லை தாண்டி ஓடும் ஆற்றில் யாருக்கு, எப்போது, எவ்வளவு நீர் என்பதை இரு அரசுகள் பேசி முடிவு செய்வதாகும். மேலுள்ள நாடு மதகை மூடினால் கீழுள்ள நாடு காயும் என்பதே காரணம். ஒரே பொதுத் தொட்டியுள்ள சென்னை அடுக்ககத்தில் ஐப்பசி மழையில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. மே மாதத்தில்தான் தண்ணீர் விடும் நேரத்துக்காகக் கூட்டம் கூடும்.

1996 டிசம்பரில் இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட 30 ஆண்டு கங்கை ஒப்பந்தமும், ஜனவரி 1 முதல் மே 31 வரையிலான வறண்ட காலத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு, மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே உள்ள ஃபராக்கா தடுப்பணையில் பத்து நாள்களுக்கு ஒருமுறை கணக்கிட்டு, வரத்து வினாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ எனில் சரிபாதி என வகுத்தது. (அதற்கு மேல் கணக்கு வேறு.)

காவிரியையும் இதில் சேர்ப்பவர்கள் உண்டு. அது மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு என்பதால், அதில் தீர்ப்பளித்தவை நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமுமே.