பிரஸ்ஸல்ஸில் திருச்சபைகளுக்கு என்ன வேலை?

பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தோடு கிறிஸ்தவ சபைகள் சேர்ந்து பேசும் முறை பற்றிச் சிலர் என்னிடம் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: ஐரோப்பாவில் மதம் வேறு, அரசு வேறு என்றுதானே படித்தோம்? பிறகு எந்த உரிமையில் பேசுகிறார்கள்?

நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. பிரான்ஸ் 1905இலேயே அரசையும் மதத்தையும் பிரித்துவிட்டது. டென்மார்க்கிலோ லூத்தரன் சபையை ஆதரிக்கும்படி அரசியல் சாசனமே சொல்கிறது. இரண்டும் ஒரே ஒன்றியத்தில் இருக்கின்றன. அதனால்தான் 2009 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையில் 17ஆம் பிரிவு இடம்பெற்றது. உள்நாட்டுச் சட்டம் சபைகளுக்குத் தந்துள்ள நிலையில் ஒன்றியம் கைவைக்காது. மதம் சாராத மெய்யியல் அமைப்புகளையும் அவ்வாறே மதிக்கும். எல்லோருடனும் திறந்த, வெளிப்படையான, முறையான உரையாடல் நடத்தும்.

கேள்வி: சபைகளின் சார்பில் பேசுபவர் யார்?

முக்கியமாக இரண்டு அமைப்புகள். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்), ஆங்கிலிக்கன், ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு ஐரோப்பிய திருச்சபைகளின் மாநாடு. கத்தோலிக்கர்களுக்கு, 1980இல் உருவான ஒன்றிய நாடுகளின் ஆயர் பேரவைகளது ஆணையம். ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒரு நாட்டுக்குப் போகும். அந்நாட்டின் பிரதிநிதிகளை இரண்டு அமைப்புகளும் ஒன்றாகச் சந்தித்து ஒரே மனுவைக் கொடுக்கின்றன.

முதல் அமைப்பின் கதையை அவசியம் சொல்ல வேண்டும். பனிப்போரின் நடுவே, 1959இல், டென்மார்க்கின் நைபோர்க் நகரில் இரு பக்கத்துச் சபைகளும் கூடின. 1964இல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வர வேண்டியவர்களுக்கு விசா சிக்கல் எழுந்தது. கூட்டத்தைத் தள்ளிவைக்கவில்லை, ‘போர்ன்ஹோம்’ என்ற கப்பலை அமர்த்திக் கடலில் கூடினார்கள். அமைப்புக்கு முறையான விதிகள் நிறைவேறியது அந்தக் கப்பலில்தான்.

கேள்வி: கம்பெனிகள் ஆள் வைத்துக் காரியம் சாதிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நியாயமான சந்தேகம். இரண்டு அமைப்புகளும் ஒன்றியத்தின் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில், அதாவது ஒன்றியத்திடம் ஆதரவு தேடுவோர் பெயர் பதியும் ஏட்டில், பதிவு செய்திருக்கின்றன. மதச்சார்பற்ற மனிதநேயர்களின் கூட்டமைப்பு முன்வைத்த கருத்தரங்கை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் மறுத்தபோது, ஒன்றிய நிர்வாகத்தின் மீதான புகார்களை விசாரிக்கும் முறைகேள் அதிகாரியிடம் அவர்கள் புகார் செய்தார்கள். 2013இல் அவர் ஆணையத்தைக் கண்டித்தார். அதே ஆண்டு உரையாடலுக்கான வழிகாட்டு விதிகள் வெளிவந்தன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். சபைக்குத் திறக்கும் கதவு மற்றவருக்கும் திறக்க வேண்டும்.

கேள்வி: தங்களுக்குள் சண்டை இல்லையா?

உண்டு. எஸ்தோனிய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் உறுப்புரிமைத் தகராறில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை 2008இல் தன் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. குடும்பம், கருக்கலைப்பு என்று வந்தாலும் ஒரே குரல் கிடைப்பது அரிது.

கேள்வி: பேசிப் பேசி என்ன கண்டார்கள்? ஒன்றைச் சொல்லுங்கள்.

முதலில் தோல்வியைச் சொல்கிறேன். ஒன்றியத்தின் 1993ஆம் ஆண்டு வேலைநேரச் சட்டத்தில் வார ஓய்வில் ஞாயிறு இடம்பெற வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டன் வழக்குத் தொடுத்தது. 1996இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வரியை நீக்கியது. சபைகள் தொழிற்சங்கங்களோடு கைகோத்து 2011இல் ஒரு கூட்டணி அமைத்தும் அது திரும்பவில்லை.

தனக்காகக் கேட்டபோது கிடைக்காதது, பிறருக்காகக் கேட்டபோது கிடைத்தது. 2013 அக்டோபரில் இத்தாலியின் லாம்பெதூசா தீவருகே அகதிகளின் படகு கவிழ்ந்து 360க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சட்டப்படி உள்ளே வர வழியே இல்லையா என்று இத்தாலியச் சபையினர் விதிகளைப் புரட்டினார்கள். ஒன்றியத்தின் விசா விதிகளில் 25ஆம் பிரிவு கண்ணில் பட்டது: மனிதாபிமானக் காரணத்துக்காக ஒரு நாடு தன் எல்லைக்குள் மட்டும் செல்லும் விசா தரலாம். 2015 டிசம்பரில் சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கச் சமூகமும் சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பும் இத்தாலியின் பழைய சீர்திருத்த சபையான வால்டென்சிய சபையும் இத்தாலிய அரசோடு ஒப்பந்தம் செய்தன.

லெபனானில் தொண்டர்கள் அகதிக் குடும்பங்களைப் பார்த்துப் பேசிப் பட்டியல் தருவார்கள்; அரசு கைரேகை எடுத்துச் சரிபார்க்கும்; விசா கிடைத்ததும் சாதாரணப் பயணிகளைப் போல ரோமில் விமானத்திலிருந்து இறங்குவார்கள். டிக்கெட், வீடு, மொழி வகுப்பு எல்லாம் சபைகளின் செலவு. யாரிடமும் மதம் கேட்பதில்லை. வந்தவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். 2016 பிப்ரவரியில் முதல் குடும்பங்கள் வந்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் பிரான்ஸில் கத்தோலிக்க, சீர்திருத்த அமைப்புகள் ஐந்து சேர்ந்து அதிபரின் எலிசே மாளிகையில் இதே போன்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மதத்தை அரசிலிருந்து பிரித்த அதே பிரான்ஸ்தான்.